வேப்பம்பூவுக்கு விசா வேண்டாம்!

மார்ச் மாதக் கடைசி வாரம் வந்தால் எங்கள் ஆபீசில் பாதிப் பேருக்கு ஜப்பான் ஜுரம் கண்டுவிடும். கம்பெனி இருப்பது ஒரகடத்தில். பணம் போட்டவர்கள் ஜப்பானியர்கள். எனவே ரிசப்ஷன் காலண்டரில் ஏப்ரல் மாதத்துக்கு என்றைக்கும் செர்ரிப் பூதான். ரோஸ் நிறத்தில் மரங்கள், கீழே ஆறு, ஆற்றில் படகு, படகில் ஒரு ஜோடி. (கணவன் மனைவியாக இருக்க வாய்ப்பில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.)

அக்கவுன்ட்ஸில் ஒரு நண்பர், இதை நேரில் பார்த்தே தீருவது என்று ரெண்டரை லட்சம் கடன் வாங்கிக்கொண்டு டோக்கியோ போய் வந்தார். பூவை அஞ்சு நாள் பார்த்தார். கடனை முப்பத்தாறு மாதம் கட்டுவார். திரும்பி வந்ததிலிருந்து கேன்டீனில் அவரைத் தவிர வேறு யாரும் பேச முடியவில்லை.

"அந்த மரத்தடியில நின்னாப் போதும் சார், பி.பி. தானா இறங்கிடும். அந்தப் பூவுல டீ போட்டுக் குடிக்கறான். தோல் பளபளன்னு ஆயிடுது. வயசே தெரியல. எல்லாம் மருந்து சார், மருந்து!"

மற்றவர்கள் 'பளபள' என்ற இடத்தில் நிமிர்ந்தார்கள். நான் 'பி.பி.' என்ற இடத்தில் நிமிர்ந்தேன்.

காரணம் உண்டு. இது போன வருஷக் கதை. பிப்ரவரியில் கம்பெனியில் வருடாந்திர மெடிக்கல் செக்கப். டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காற்றடித்தார். 150-க்கு 100.

"வயசு என்ன?"

"முப்பத்தி நாலு டாக்டர்."

"அப்பாவுக்கு பி.பி. உண்டா?"

"உண்டு. ஆனா அவருக்கு அறுபத்தாறு வயசுலதான் வந்தது. தறியை நிறுத்தின வருஷம்."

"நீங்க முப்பத்திரண்டு வருஷம் அட்வான்ஸா போயிட்டிருக்கீங்க" என்றார். டாக்டர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி இருக்கக் கூடாது என்று யாராவது சட்டம் கொண்டு வந்தால் என் ஓட்டு அவருக்குத்தான். உப்பைக் குறை, நட, ராத்திரி செல்போனைத் தள்ளி வைத்துவிட்டுத் தூங்கு, மூணு மாதம் கழித்து வா, அப்போதும் இறங்கவில்லை என்றால் மாத்திரை. இதுதான் கெடு.

இந்த நிலையில் இருப்பவனிடம் வந்து பூவைப் பார்த்தால் பி.பி. இறங்கும் என்று சொன்னால், விசாரிக்கத் தோன்றுமா, தோன்றாதா? (ரெண்டரை லட்சம் கடனால் ஏறுவதை எந்தப் பூ இறக்கும் என்பது தனிக் கேள்வி.)

நேராக மூலஸ்தானத்துக்கே போனேன். எங்கள் பிரிவுக்கு ஒரு ஜப்பானிய அதிகாரி இருக்கிறார். அவர்கள் ஊரில் மரியாதைக்காகப் பெயருக்குப் பின்னால் 'சான்' என்று சேர்க்க வேண்டும். அவர் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே பின்னால் வருவதை மட்டும் வைத்துக்கொண்டோம். "சான் வந்துட்டாரா?" "சான் கையெழுத்துப் போட்டுட்டாரா?" மனிதர் தங்கமானவர். கியோட்டோக்காரர்.

"சகுரா மருந்தா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சொன்னதையும் பிற்பாடு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பூவில் டீ போடுவது உண்மைதான். ஆனால் அது நாம் பதினோரு மணிக்குக் குடிக்கிற டீ இல்லை. செர்ரிப் பூவைக் காம்போடு பறித்து, உப்பும் புளிப்புக் காடியும் போட்டு ஊற வைத்து, காய வைத்து எடுத்து வைக்கிறார்கள். கல்யாணப் பேச்சு, கல்யாணம் என்றால் அதில் ஒன்றிரண்டை வெந்நீரில் போட்டுத் தருவார்கள். பூ கோப்பைக்குள் மெதுவாக விரியும். சாதாரண டீ தர மாட்டார்கள். 'டீயைக் கலக்குவது' என்றால் அவர்கள் பாஷையில் விஷயத்தைப் பூசி மெழுகுவது என்று அர்த்தமாம். கல்யாணத்தில் பூசி மெழுகக் கூடாது என்று நினைக்கிற ஒரு தேசம்! ஆக அது ஒரு சடங்கு. வைத்தியத்தில் சேராது. செர்ரி இலையை உப்பில் ஊற வைத்து அதில் அரிசிப் பலகாரத்தைச் சுற்றித் தருகிறார்கள். அந்த வாசனை கூமரின் என்ற பொருளிலிருந்து வருகிறது. அதுவும் அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது. தோல் பளபளப்பு? க்ரீம் டப்பாவில் பூப்படம் போட்டு விற்கிறார்கள். டப்பா பளபளக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொரு வேடிக்கை. அதே சீசனில் ஜப்பானில் லட்சக்கணக்கான பேர் தும்மிக்கொண்டு, மூக்கில் மாஸ்க்கோடு திரிகிறார்கள். செர்ரி மேல் பழி இல்லை, சுகி என்கிற ஊசியிலை மரத்தின் மகரந்தம் படுத்துகிற பாடு. நண்பர் கொண்டு வந்த போட்டோக்களை மறுபடி பார்த்தேன். அழகாகச் சிரிப்பதாக நாங்கள் நினைத்த பல பேர் மாஸ்க் போட்டிருந்தார்கள்.

"அப்ப எதுக்கு சான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"உட்காருவதற்கு" என்றார்.

பூ பூத்ததும் மரத்தடியில் பாய் விரித்து, கட்டுச்சோறு வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கு 'ஹனாமி' என்று பெயர். 'ஹனா' என்றால் பூ. 'மி' என்றால் பார்ப்பது. அவ்வளவுதான் விஷயம். ஆபீஸ் ஆபீசாகப் போவார்கள். நல்ல மரத்தடிக்கு அடிதடி என்பதால், காலையிலேயே ஆபீசின் கடைக்குட்டிப் பையனை அனுப்பி நீல பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து இடம் பிடிக்கச் சொல்வார்கள். அவன் சாயங்காலம் வரை அந்த ஷீட்டுக்குக் காவல் இருக்க வேண்டும். சம்பளத்தோடு! இங்கே நாம் துண்டு போட்டு பஸ்ஸில் இடம் பிடிக்கிறோம், எவனாவது சம்பளம் தருகிறானா?

பூ எந்த ஊரில் என்றைக்கு மலரும் என்று, நம் டி.வி.யில் புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று காட்டுகிற மாதிரி வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். ஜனவரியில் தெற்கே ஓகினாவாவில் ஆரம்பித்து, மே மாதம் வடக்கே ஹொக்கைடோவில் முடியும். சான் ஊரான கியோட்டோவில் பூ மலர்ந்த தேதி கி.பி. 812-லிருந்து கிடைக்கிறது. யசுயுகி அவோனோ என்ற பேராசிரியர், அரண்மனைக்காரர்களும் துறவிகளும் எழுதி வைத்த பழைய டைரிகளைப் புரட்டி அதைத் திரட்டினார். 812-ல் எங்கள் காஞ்சிபுரத்தில் பல்லவர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். அவர்களும் எத்தனையோ கல்வெட்டு வெட்டினார்கள், நிலம் கொடுத்ததையும் விளக்கெரிக்க ஆடு கொடுத்ததையும். வேம்பு என்றைக்குப் பூத்தது என்று எவனாவது வெட்டினானா? அந்தக் கியோட்டோ கணக்கில் 2021-ஆம் வருஷம் மார்ச் 26-ந் தேதியே பூ முழுசாக மலர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆயிரத்து இருநூறு வருஷத்தில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லையாம். உலகம் சூடாகிறது என்பதற்கு அதையும் ஒரு சாட்சியாகச் சொல்கிறார்கள். ஒரு பூவை உட்கார்ந்து பார்த்ததில் கிடைத்த லாபம்!

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வாசல் மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஊர் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கை. உத்திரமேரூர் பஸ் பிடித்தால் வழியில் வரும். வாசலில் ஒரு வேப்ப மரம். தாத்தா வைத்தது. எங்கள் வீடு நெசவாளர் வீடு. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது ஒரு நுனியை இந்த மரத்தோடு சேர்த்துத்தான் கட்டுவார்கள். அப்பா அம்பது வருஷத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்தவர். முழங்கால் விட்டுப்போனது. நானும் தம்பியும் ஆபீஸ் உத்தியோகம். தறியைப் பிரித்தோம், குழியை மூடினோம், மேலே டைல்ஸ் போட்டோம். அதற்கப்புறம் அப்பா டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார். டி.வி. ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பது அவருக்குத் தெரியாது.

தம்பி லோன் போட்டுக் கார் வாங்க முடிவு செய்தான். கார் நிறுத்த இடம் வேண்டும். மேஸ்திரியைக் கூட்டி வந்தான். மேஸ்திரி வாசலைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், "இத்த எடுத்துட்டா ஜோரா ஷெட்டு வந்துடும்" என்று முடித்துவிட்டார். செலவில் பாதி என்னுடையது. ஆகவே என் தலையசைப்புக்காகக் காத்திருந்தார்கள்.

அம்மா எதிர்த்தாள். மரத்துக்காக அவள் வாதாடியதெல்லாம் மருத்துவ ரீதியாகத்தான்.

"வேப்ப மரம் ராத்திரியிலயும் ஆக்சிஜன் குடுக்கும்டா!"

"வெயில் இல்லாம எந்த மரமும் ஆக்சிஜன் குடுக்காதும்மா. அதுவும் நம்மள மாதிரிதான் மூச்சு விடும்" என்றான் தம்பி. பி.எஸ்ஸி. அவன் சொன்னது சரி.

"வேப்பம்பூ பித்தத்துக்கு நல்லது. வயித்துப் பூச்சிக்கு நல்லது. நாக்கு செத்துப்போனா ருசி குடுக்கும்."

"கடையில பாக்கெட்ல கிடைக்குதும்மா. வருஷம் பூரா."

அதுவும் சரி. நான் வாயைத் திறக்கவில்லை. தம்பி பக்கம்தான் கேஸ் ஜெயித்துக்கொண்டிருந்தது. மருந்து என்று பார்த்தால் ஒரு பாக்கெட் வேப்பம்பூவும் ஒரு மரமும் ஒன்றுதானே? பாக்கெட்டுக்குப் பார்க்கிங் பிரச்னை இல்லை.

மருந்து விஷயத்திலேயே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் என்னைத் தேடிக்கொண்டு வரக்கூடாது. ரசத்தில், பச்சடியில் சமையல் அளவுக்குச் சேர்க்கிற பூ வேறு. அதையே மருந்தாக்கி டம்ளர் டம்ளராகக் கஷாயம் குடிப்பது வேறு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டவே கூடாது. மலேசியாவில் அப்படிப் புகட்டிக் குழந்தைகளுக்கு மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதைப் பற்றி 1981-லேயே லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. 'இயற்கைதானே, என்ன செய்யும்' என்பவர்களுக்கு: அரளியும் இயற்கைதான்.

சான் எங்கள் வீட்டுக்கு வந்தது சித்திரை ஒண்ணாம் தேதி. அவருக்குக் காஞ்சிபுரம் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. காரணம் பட்டு இல்லை, இட்லியும் இல்லை. ஜப்பானில் 'தருமா' என்று ஒரு சிவப்புப் பொம்மை உண்டு, தள்ளினால் எழுந்து உட்காரும். அந்தத் தருமா நம் போதிதர்மர். அவர் காஞ்சிபுரத்து இளவரசர் என்பது வழிவழியாக வரும் செய்தி. எங்கள் ஊர் எவ்வளவு வழியாகவெல்லாம் ஏற்றுமதி ஆகியிருக்கிறது பாருங்கள்.

வழியில் ஓரிக்கைக்குப் பெயர் வந்த கதையைச் சொன்னேன். பல்லவ ராஜா, கணிகண்ணன் என்பவரை நாட்டை விட்டுப் போகச் சொன்னான். அவருடைய குரு திருமழிசை ஆழ்வார், "சிஷ்யன் போனால் நானும் போகிறேன்" என்று கிளம்பினார். போகிற போக்கில் பெருமாளிடம், "நீ மட்டும் இங்கே என்ன படுத்திருக்கிறாய், பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா" என்றார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்! மூன்று பேரும் ஒரு ராத்திரி தங்கிய இடம் 'ஓரிரவு இருக்கை'. அதுதான் ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். ராஜா ஓடி வந்து மன்னிப்புக் கேட்டதும் எல்லாரும் திரும்பிப் போனார்கள். சொன்ன வண்ணம் செய்த பெருமாளுக்குக் காஞ்சியில் கோயில் இருக்கிறது.

சான் கவனமாகக் கேட்டார். "ஆகவே உங்கள் ஊரில் கடவுளே பாய் விரித்திருக்கிறார்" என்றார். எனக்கு இது தோன்றியதே இல்லை.

வீட்டு வாசலில் இறங்கியவர் உள்ளே வரவில்லை. மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டார். பங்குனி கடைசியில் ஆரம்பித்து அப்போதுதான் மரம் முழுக்கப் பூத்திருந்தது. வேப்பம்பூ தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணில் படாது. மரத்தின் மேல் யாரோ லேசாகக் கோலமாவு தூவின மாதிரி இருக்கும். கிட்டே போய் நின்றால்தான் தெரியும். கொத்துக் கொத்தாகத் தொங்கும் வெள்ளை. சுற்றித் தேனீக்கள். கூடவே அந்த வாசனை, தேனில் லேசாகக் கசப்பைத் தொட்டு வைத்த மாதிரி. மரத்தில் இலை, பட்டை, எண்ணெய் எல்லாம் கசக்கிறது. பூ மட்டும் எங்கிருந்தோ தேனைச் சம்பாதித்து வைத்திருக்கிறது.

சான் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். சிமென்ட் தரை முழுக்க வெள்ளை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், பூவை மிதிக்கக் கூடாதாம். அம்மா விளக்குமாறோடு வந்தவள் அதைப் பார்த்துவிட்டு விளக்குமாறைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

சாப்பாடு. மாங்காய் பச்சடியில் வேப்பம்பூ. வேப்பம்பூ ரசம். ரசத்தில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை: புளித்தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்து, கடைசியில் காய்ந்த பூவை நெய்யில் கறுக்க வறுத்துப் போட வேண்டும். முன்னாலேயே போட்டுக் கொதிக்க விட்டால் கசப்பு ரசம் முழுக்க இறங்கிவிடும். கசப்பு என்று ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் கொதிக்க விட்ட ரசத்தைச் சாப்பிட்டவர்கள். சான் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, இந்தப் பூவை வருஷம் முழுக்க எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா ஜாடியை எடுத்து வந்தாள். மோரிலும் உப்பிலும் ஊற வைத்துக் காய வைத்த வேப்பம்பூ. சான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"உப்பு! நாங்களும் உப்பு!"

நான் கல்யாணக் கோப்பைக் கதையை அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ பாவம், கல்யாணத்தன்னிக்கே உப்புத் தண்ணி குடுத்துடறாங்களா? நம்ம ஊர்ல அதெல்லாம் போகப் போகத்தான்."

அப்பா அதுவரை பேசவில்லை. சானுடைய பாட்டி கியோட்டோவில் நிஷிஜின் பகுதியில் தறியில் உட்கார்ந்தவர் என்று தெரிந்ததும் நிமிர்ந்தார். நிஷிஜின் என்பது அவர்கள் ஊர்ப் பட்டுத்தறிப் பேட்டை. கிமோனோவுக்கு இடுப்பில் கட்டும் பட்டைக்குப் பேர் போனது. அப்பா எழுந்து அவர் கையைப் பிடித்து அடுத்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே தறி ஓடிக்கொண்டிருந்தது. பார்டர் ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம், ரெண்டையும் பூட்டுப் போட்ட மாதிரி சேர்க்கிற கோர்வை. மூணு நாடா, ரெண்டு ஆள். சான் மேலே இருந்த ஜக்கார்டு பெட்டியைக் காட்டித் தலையை ஆட்டினார். அது பிரான்ஸிலிருந்து 1870-களில் நிஷிஜினுக்குப் போனது. இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்பாவுக்கு ஜப்பான் பாஷை தெரியாது, சானுக்குத் தமிழ் தெரியாது. முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இடையில் நான் மொழிபெயர்க்கப் போனேன். "நீ கம்முனு இரு" என்றார் அப்பா.

திரும்பி வந்ததும் சான் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார். ரொம்ப சாதாரணக் கேள்வி.

"இந்தப் பூவை நீங்கள் எப்போது, எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள்?"

அம்மா என்னைப் பார்த்தாள். "பாக்கறதா? நாம எங்கடா பாக்கறோம்? பெருக்கறோம்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. தேச மானம் ஒன்று இருக்கிறதே. அதற்குப் பதிலாகப் பாண்டிய ராஜாக்களுக்கு வேப்பம்பூ மாலைதான் அடையாளம் என்று சொல்லி வைத்தேன். உண்மைதான்: சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. ராஜா தலையில் இருந்த பூ எப்படி ரசத்தில் வந்து விழுந்தது என்று சான் கேட்கவில்லை. நல்ல வேளை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கோரைப்பாயை எடுத்து மரத்தடியில் விரித்தோம். சான் உட்கார்ந்தார், அப்பா சுவரில் சாய்ந்து காலை நீட்டினார், நான், பிறகு தம்பி. செல்போன்கள் உள்ளே. காற்று வரும்போதெல்லாம் பூ கொட்டியது. டம்ளரில் விழுந்தது, அப்பாவின் நரைத் தலையில் விழுந்தது. அந்த வாசலில் நான் பிறந்ததிலிருந்து இருக்கிறேன். வாசலில் நின்றிருக்கிறேன், ஷூ மாட்டியிருக்கிறேன், கம்பெனி பஸ்ஸுக்காக ஓடியிருக்கிறேன்.

அப்பாதான் ஆரம்பித்தார். மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கோர்வை போடறப்போ கண்ணு பூத்துப் போவும். அப்போ தலையத் தூக்கினா ஜன்னல்ல இந்த மரம்தான். நாலு வரி போட்டுட்டு ஒரு தபா பாப்பேன். அம்பது வருசம் அப்டியே ஓட்டிட்டேன். தறியத்தான் எடுத்துட்டீங்க. இத்தயாவது வுடுங்களேன்டா."

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சான் என்ன என்று கண்ணால் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

அப்பா சொன்னது கிழவர் பேச்சு என்று தள்ளுகிறவர்களுக்காகக் கொஞ்சம் ஆங்கில வைத்தியமும் சொல்கிறேன். ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்கர் 1984-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சின்ன ஆராய்ச்சி வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேர். அவர்களில் 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதி 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 2019-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேரை வைத்து ஒரு கணக்கு: வாரத்துக்கு 120 நிமிஷமாவது பசுமையான இடத்தில் கழித்தவர்கள், தாங்கள் ஆரோக்கியமாக, மனநிறைவோடு இருப்பதாகச் சொன்னது அதிகம். ஆரோக்கியமாக இருப்பவன்தான் பார்க்குக்குப் போகிறானோ என்ற சந்தேகத்தை ஆராய்ச்சிக்காரர்களே எழுப்பியிருக்கிறார்கள், நாணயஸ்தர்கள். செர்ரி மரமா வேப்ப மரமா என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். டோக்கியோ டிக்கெட் போடுமுன் கவனிக்கவும்.

நான் அந்த 120-ஐ ஆறால் வகுத்தேன். தினம் இருபது நிமிஷம், வாரத்தில் ஆறு நாள். கம்பெனி பஸ் விட்டு இறங்கியதும் உள்ளே போகாமல் பாயில் உட்காருவேன். அப்பாவும் வந்து உட்காருவார். அவருக்கு டி.வி. போடுவதை நாங்கள் நிறுத்தவில்லை, அவர்தான் அதைப் பார்ப்பதை நிறுத்தினார். இருபது நிமிஷத்தில் பாதி நேரம் பேசவே மாட்டோம். மீதி நேரம் எந்தக் கிளையில் காக்கா கூடு கட்டுகிறது என்பது போன்ற முக்கியமான விஷயங்கள்.

மே மாதம் டாக்டர் மறுபடி காற்றடித்தார். 138-க்கு 88. "மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம். என்ன பண்ணீங்க?" என்றார். உப்பைக் குறைத்தேன், நடந்தேன், நாலு கிலோ இறங்கினேன், தூங்கினேன், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன் என்றேன். கடைசி ஐட்டத்தை அவர் சீட்டில் எழுதிக்கொள்ளவில்லை. எது வேலை செய்தது என்று அவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மற்ற நாலையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன், இது ஒன்றுக்குத்தான் சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். அக்கவுன்ட்ஸ் நண்பரிடம் சொன்னேன். "வேப்ப மரமா!" என்றார், ஏதோ நான் ரேஷன் அரிசி போட்டு விட்ட மாதிரி. அவருக்கு இன்னும் இருபத்து நாலு மாதம் பாக்கி.

ஷெட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தச் சித்திரை ஒண்ணுக்கு மறுநாள் காலை, பல் கூடத் தேய்க்காமல் தம்பி டேப்பை எடுத்துக்கொண்டு வாசலை அளந்துகொண்டிருந்தான். காரின் நீளம், மரத்தின் சுற்றளவு, கேட்டின் அகலம். மேஸ்திரியைக் கூப்பிட்டு, கேட்டை ரெண்டடி தள்ளி வைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டான். தாழ்ந்த கிளை ஒன்று மட்டும் போயிற்று. தகர ஷெட் இல்லை. கார் மரத்தடியில் நிற்கிறது.

இந்தப் பங்குனியில் தினம் காலையில் தெருவே அவன் குரலைக் கேட்டுத்தான் எழுந்தது. வெள்ளைப் பூ, காக்கா எச்சம், மறுபடி பூ. "டெய்லி தொடைக்கிறேன், டெய்லி கொட்டுது! கார் வாங்கினேனா, களம் வாங்கினேனா?" அப்பா பதில் சொல்வதில்லை. ராத்திரியே தன் பழைய வேட்டி ஒன்றைக் கார் மேல் விரித்து நாலு பக்கமும் கல் வைத்துவிடுகிறார். விடிந்ததும் வேட்டியை நாலு மூலையும் பிடித்துத் தூக்கி, எச்சம் பட்டதைத் தள்ளிவிட்டு, மீதியை முறத்தில் கொட்டுகிறார். தரையில் பொறுக்கினால் மண் வருமாம், கார் மேல் விழுவதுதான் சுத்தமான பூவாம்.

போன வாரம் தம்பி ஆபீசுக்குக் காரை எடுக்கப் போனான். "இன்னும் கொட்டி முடியல, பஸ்ல போ" என்றார்.